நோலீனின் பூச்சியும் என் ஓவராலும்

எங்கள் பக்கத்தில் விருந்தாளி வருகிறார் என்றால் முதலில் வீட்டின் வெளிப்பக்கத்தைத்தான் கழுவுவோம். உள்ளே தூசி கிடந்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். வெளியே பச்சை படர்ந்திருந்தால் மானம் போய்விடும். தென்தீவின் மேற்குக் கரை இது, பூமியின் தென்கோடி. வானம் வருஷத்துக்கு ஐந்து மீட்டர் மழையைக் கொட்டுகிறது. அசையாமல் நிற்கிற எதன்மேலும் பாசி ஏறிவிடும். கூரை, படிக்கட்டு, தபால் பெட்டி, நிறுத்திவைத்த கார், எதுவும் தப்பாது. நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தால் என்மேலும் ஏறிவிடும் என்று என் மனைவி நோலீன் சொல்வாள். அதனால் அக்டோபரில் வசந்தம் வந்ததும் வீட்டுக்கு வீடு பிரஷர் வாஷரை வெளியே இழுத்துத் தண்ணீரைப் பீச்சியடித்துக் கழுவுவது வழக்கம். சர்ச்சுக்குப் போகாதவன் எங்கள் ஊரில் உண்டு. அக்டோபரில் படிக்கட்டைக் கழுவாதவன் கிடையாது.

என் பெயர் டெஸ்மண்ட். டெஸ் என்றால்தான் தெரியும். முப்பத்தெட்டு வருஷம் சாலை போடுகிற வண்டி ஓட்டினேன். ஓய்வு பெற்ற அன்று கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து மஞ்சள் நிறத்தில் ஒரு பிரஷர் வாஷர் வாங்கிக் கொடுத்தார்கள். அதன் விசையை அழுத்தியதும் பத்து வருஷத்து அழுக்கு கோடு போட்டாற்போல விலகும் பாருங்கள், அந்தச் சுகமே தனி. வயதான பிறகு ஓர் ஆணுக்கு மிஞ்சுகிற அதிகாரம் அவ்வளவுதான். என் வீட்டைக் கழுவி முடித்து, பக்கத்து வீட்டுக்காரன் மெர்வ் கேட்காமலே அவன் படகுக் கொட்டகையையும் கழுவிக் கொடுத்திருக்கிறேன். அதில் அவன் எழுதி வைத்திருந்த படகின் பெயரும் சேர்ந்து போய்விட்டது. அது வேறு கதை.

நோலீனுக்கு வேறு பித்து. இருபது வருஷம் மீன் கொட்டகையில் ஈரத் தரையில் நின்று வேலை பார்த்ததில் அவளுக்கு முழங்கால் போய்விட்டது. வேலையை விட்ட பிறகு வீட்டுக்குப் பின்னால் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, கையில் பூதக்கண்ணாடியும் ஒரு நோட்டுமாக உட்கார ஆரம்பித்தாள். எங்கள் வீட்டுப் பின்பக்கம் நாலு எட்டு வைத்தால் ஒரு பாறைச்சுவர். வீடு கட்டும்போது மலையைச் செதுக்கி எடுத்த இடம். அதன்மேல் எப்போதும் தண்ணீர் கசியும். சுவருக்கு மேலே காடு, பெரணியும் பீச் மரமும் மூடுபனியுமாக மலை உச்சி வரைக்கும்.

அங்கே அவள் ஓர் அந்துப்பூச்சியைக் கண்டுபிடித்தாள். அரை அரிசி நீளம்தான் இருக்குமாம். பகலில்தான் பறக்குமாம், அதுவும் அக்டோபரில் இரண்டு மூன்று வாரம், வெயில் அடிக்கிற காலையில் மட்டும். மற்ற அந்துப்பூச்சிகளைப் போல உறிஞ்சுகுழல் கிடையாது, தாடை உண்டு, பெரணியின் தூளை மென்று தின்னும் என்பாள். நான் "ம்" என்பேன். ஆறு வருஷம் "ம்" என்றேன். சாப்பாட்டு மேஜையில் அவள் அதன் புழுவைப் பற்றிச் சொல்லும்போது நான் ரக்பி ஆட்ட முடிவை நினைத்துக்கொண்டிருப்பேன். ஒரு நாளாவது எழுந்து போய், எங்கே காட்டு பார்ப்போம் என்று கேட்டிருக்கலாம். பின்வாசலிலிருந்து அந்த முக்காலிக்குப் பதினோரு அடி. பிற்பாடு அளந்து பார்த்தேன்.

மூன்றாம் வருஷம் அவள் ஒரு பெரிய அருங்காட்சியகத்துக்கு எழுதினாள். இரண்டு பூச்சிகளைப் பஞ்சில் சுற்றி அனுப்பினாள். அவை போய்ச் சேரும்போது பொடியாகிவிட்டனவாம். மரியாதையாக ஒரு பதில் வந்தது. அம்மணி பார்த்திருப்பது எல்லா இடத்திலும் உள்ள சாதாரண வகையாகத்தான் இருக்கும், பழக்கமில்லாத கண்ணுக்கு இப்படித் தோன்றுவது இயல்பு, ஆர்வத்துக்கு நன்றி. பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள் நோலீன். அந்தக் கடிதத்தை மடித்துச் சமையலறைத் துண்டுகள் இருக்கிற இழுப்பறையில் வைத்தாள். நான் ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று, "போனாப் போகுது, ஒரு பூச்சிதானே" என்றேன். அவள் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவின தட்டையே வெகுநேரம் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஆனாலும் அவள் விடவில்லை. போன வருஷம் குளிர்காலத்தில், தான் வரைந்த படங்களைக் கிறைஸ்ட்சர்ச்சில் இருக்கிற மெரியானா என்ற ஆராய்ச்சியாளருக்கு அனுப்பினாள். அந்தப் பெண்ணுக்கு வாழ்க்கை முழுக்க இந்த மாதிரிப் பொடிப் பூச்சிகள்தானாம். அவள் பதில் எழுதினாள். படத்தில் இருப்பது உண்மையென்றால் இது யாரும் பார்க்காத வகை. ஆனால் படத்தை வைத்துக்கொண்டு எதுவும் செய்யமுடியாது, உயிரோடு பார்க்கவேண்டும், ஒன்றை எடுத்துப்போக வேண்டும். அக்டோபர் பதினெட்டு, சனிக்கிழமை, தெற்கே போகிற வழியில் ஒரே ஒரு நாள் வருகிறேன் என்றாள். நோலீன் அந்தக் கடிதத்தை இழுப்பறையில் வைக்கவில்லை. குளிர்பெட்டிக் கதவில் காந்தம் போட்டு ஒட்டினாள். பால் எடுக்கும்போதெல்லாம் படிப்பாள்.

வெள்ளிக்கிழமை காலையில் முடி வெட்டிக்கொள்ள ஹொகிடிகா டவுனுக்குக் கிளம்பினாள். கார் கண்ணாடியை இறக்கி என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்:

"குளியலறைய மட்டும் தேய்ச்சு வை. வேற எதையும் தொடாத."

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷியால் சொல்லமுடியாது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பாவம், எனக்குச் சிரமம் வைக்கக்கூடாது என்று சொல்கிறாள் என்று நினைத்தேன்.

குளியலறையைத் தேய்த்து முடித்தபோது மணி ஒன்பதரை. பின்வாசலில் நின்று டீ குடித்தேன். எதிரே பாறைச்சுவர். பச்சை பச்சையாக, வழவழ என்று, ஈரல் துண்டுகளை ஒட்டிவைத்தாற்போலத் தட்டைத் தட்டையான பாசி, ஒன்றின்மேல் ஒன்றாக. சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. பட்டணத்திலிருந்து படித்த பெண் வருகிறாள், அவள் உட்காரப்போகிற இடம் இப்படியா இருப்பது என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. ஓவராலை மாட்டிக்கொண்டேன். தோளிலிருந்து கணுக்கால்வரை ஒரே துணியான என் பழைய வேலை உடுப்பு அது. கம்பூட்ஸையும் போட்டுக்கொண்டு மஞ்சள் இயந்திரத்தை இழுத்து வந்தேன்.

பாதியில் மெர்வ் வந்தான். ஆற்றில் பொடிமீன் பிடிக்கிற காலம். பிடித்ததில் எங்களுக்கு ஒரு கிண்ணம் கொண்டுவந்திருந்தான். கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தான்.

"ஏம்ப்பா, நோலீனோட பூச்சி இங்கதானே இருக்கு?"

"அது காட்டுப் பூச்சிப்பா. மேல மரத்துல இருக்கும். அவ இங்க உக்காந்து மேல பாப்பா."

"பூதக்கண்ணாடிய வச்சுக்கிட்டா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அந்தக் கேள்விக்குப் பதில் என் மண்டையில் ஏறியிருக்கவேண்டும். ஏறவில்லை. கை விசையின் மேல் இருக்கும்போது ஆணுக்கு மூளை வேலை செய்வதில்லை. நான் திரும்பவும் அழுத்தினேன். சத்தத்தில் அவன் அடுத்து என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. பொடிமீன் கிண்ணத்தைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மூன்று மணி நேரம். கூழ்கூழாகப் பாசி பெயர்ந்து என் முகத்திலும் மார்பிலும் உடம்பு முழுக்கவும் தெறித்தது, மிச்சம் சாக்கடையில் இறங்கியது. உள்ளேயிருந்து சாம்பல் நிறப் பாறை, அதில் வெள்ளை வெள்ளையாக வரி. இருபத்தாறு வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறேன், அப்படி ஓர் அழகான கல் அங்கே இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மட்டும் ஒரு மேஜைத்துணி அகலத்துக்குக் குழாய் எட்டவில்லை. அதை நினைத்து வருத்தப்பட்டேன் என்றால் நம்புவீர்களா? வருத்தப்பட்டேன். ஓவராலைக் கழற்றி அப்படியே முன்திண்ணை ஆணியில் மாட்டினேன். சேற்றோடு மாட்டாதே, அலசிவிட்டு மாட்டு என்று நோலீன் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். நாற்பத்தொரு வருஷமாக நான் அலசியதில்லை.

நாலு மணிக்கு அவள் வந்தாள். முடி அழகாக வெட்டியிருந்தார்கள். அவள் கண்ணைப் பொத்தாத குறையாகப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். கையில் கேக் பெட்டியோடு நின்று பார்த்தாள். பாராட்டு வரும் என்று நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"டெஸ், நான் தினம் எங்க உக்காருவேன்?"

"இங்கதான். முக்காலியில."

"எதப் பாத்துக்கிட்டு உக்காருவேன்?"

நான் மேலே காட்டைக் கைகாட்டப் போனேன். கை பாதியில் நின்றுவிட்டது. முக்காலி சுவருக்கு இரண்டடி தள்ளிக் கிடந்தது. அதில் உட்கார்ந்தால் மூக்குக்கு நேரே பாறைதான். கழுவித் துடைத்த, வெள்ளை வரி ஓடிய, அழகான பாறை.

"அதுங்க புழுவா இருக்கறப்ப திங்கறது அந்தப் பாசியத்தான். முட்டையிடறது, புழுவா வளர்றது, கூடு கட்டிக்கிட்டுத் தூங்கறது, எல்லாம் அதுக்குள்ளதான். இந்த வாரம் வெளிய வரவேண்டியதுங்க." அவள் குரலை உயர்த்தவே இல்லை. "எத்தன தரம் சொன்னேன் உன்கிட்ட."

அவள் திட்டியிருந்தால் தேவலை. உள்ளே போய் மெரியானாவுக்குப் போன் போட்டாள், வரவேண்டாம் என்று சொல்ல. அந்தப் பெண் அதற்குள் கணவாய்ச் சாலையில் ஏறிவிட்டாள் போலிருக்கிறது. அங்கேயும், ராத்திரி தங்குகிற இடத்திலும் போன் எடுக்காது. அன்று பொடிமீன் அடை எனக்கு மட்டும் ஒரு தட்டில் வந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும் என்று சொல்வார்கள் இல்லையா, கம்பூட்ஸால் அடித்தாலும் போதாது. ஆறு வருஷம் அவள் சேர்த்து வைத்த ஒரே ஆசையை மூன்று மணி நேரத்தில் பாட்டுப் பாடிக்கொண்டே சாக்கடையில் விட்டிருக்கிறேன். ஆமாம், பாடவும் செய்தேன்.

சனிக்கிழமை காலையில் தூறிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு யோசனை வந்தது. அதற்கு யோசனை என்று பெயர் வைப்பதே தப்பு. ஈரம் காயாத அந்த ஓவராலையே மாட்டிக்கொண்டு, சாக்கடையிலிருந்து பாசிக் கூழை வாளியில் அள்ளி, ரொட்டியில் வெண்ணெய் தடவுகிற கத்தியால் பாறையில் திரும்பத் தடவ ஆரம்பித்தேன். தடவத் தடவ வழுக்கி விழுந்தது. ஒன்பதரைக்கு யாரோ தொண்டையைச் செருமினார்கள். திரும்பினால் மழைக்கோட்டுப் போட்ட ஒரு பெண், பக்கத்தில் நோலீன். நான் கத்தியும் கையுமாகத் திருட்டு முழி முழித்தேன்.

"இவர்தான் என் வீட்டுக்காரர்," என்றாள் நோலீன். "வீட்டச் சுத்தமா வச்சுக்குவார்."

மெரியானா என்னைத் திட்டவில்லை. சுவரைத் தடவிப் பார்த்து, கூழ் இனி ஒட்டாது, பாசி தானாக வளரவேண்டும், அதற்கு நாலைந்து வருஷம் ஆகலாம் என்றாள். பிறகு இரண்டு பேரும் தொட்டிக்குப் பின்னால் மிஞ்சியிருந்த துண்டில் மண்டியிட்டார்கள். நோலீன் முழங்காலை மடக்கி நான் பார்த்து வருஷக்கணக்காகிறது. பத்தரை, பதினொன்று, பதினொன்றரை. ஒன்றும் இல்லை. ஒரு மணிக்கு மெரியானா கிளம்பவேண்டும்.

அப்போது நோலீன் ஒன்று சொன்னாள். அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"ஒருவேள அந்த மியூசியத்துக்காரங்க சொன்னது சரியாயிருக்கும். சாதாரணமானதத்தான் பாத்திருப்பேன். வயசான கண்ணு. உங்களுக்குத்தான் வீண் அலைச்சல்."

பூச்சி போனதுகூடப் பெரிதில்லை. இவள் தன் கண்ணையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள், அதற்குக் காரணம் நான். வாளியைக் கீழே வைத்துவிட்டு மெரியானாவுக்கு எதிரே போய் நின்றேன்.

"நான் ஒரு தரம்கூட வந்து பாத்ததில்லம்மா. பாத்திருந்தா சாட்சி சொல்லியிருப்பேன். ஆனா இவ இல்லாதத இருக்குன்னு சொல்றவ இல்ல. இந்த வீட்ல கண்ணத் திறந்து பாக்கற ஆள் இவ ஒருத்திதான்."

இதைச் சொல்லி முடித்தபோது மேகம் விலகி வெயில் வந்தது. எங்கள் ஊரில் வெயில் வந்தால் எல்லோரும் முகத்தை அண்ணாந்து காட்டுவோம். மெரியானா அண்ணாந்து பார்க்கவில்லை. என் மார்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டெஸ், அசையாதீங்க," என்றாள்.

நான் பாதி மூச்சில் நின்றேன். நோலீன் எழுந்து வந்தாள். பூதக்கண்ணாடியை எடுத்து என் மார்புப் பையின்மேல் ஒட்டியிருந்த பாசிக்கு அருகே குனிந்தாள். அவள் புதிதாக வெட்டிய முடி என் தாடையில் பட்டது. அப்புறம் மெதுவாகச் சொன்னாள்:

"வந்திருச்சு."

நான் அலசாமல் மாட்டிய ஓவராலில், பெயர்ந்து தெறித்த பாசியோடு கூடுகளும் தெறித்து ஒட்டியிருந்திருக்கின்றன. முன்திண்ணை ஈரம் அவற்றைக் காயவிடவில்லை. வெயில் பட்டதும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பையின்மேல் ஒன்று, பொத்தானுக்குக் கீழே ஒன்று. மூன்றாவது எங்கே இருந்தது என்பதை மெரியானா எனக்குப் பின்னால் போய் நின்று, கொஞ்சம் கூச்சத்தோடு அறிவித்தாள்.

நாற்பது நிமிஷம் நான் அசையக்கூடாது என்று உத்தரவு. வெயில் வந்தால் மணல் ஈயும் வரும். எங்கள் ஊர் மணல் ஈ எள்ளளவுதான், கடித்தால் ஒரு வாரம் சொறியவேண்டும். காதில், கழுத்தில், கண்ணிமையில், புறங்கையில் எல்லாம் உட்கார்ந்து சாவகாசமாகக் கடித்தன. மெரியானா படம் எடுத்தாள், நோலீன் நோட்டில் எழுதினாள். வேலியோரம் வந்த மெர்வ், நான் கைகளை விரித்தபடி சோளக்கொல்லைப் பொம்மையாக நிற்க, என் பின்பக்கத்தைப் படித்த பெண் ஒருத்தி கண்ணாடி வைத்துப் பார்ப்பதைப் பார்த்தான். அப்படியே திரும்பிப் போனான். அன்று மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

மோவாயை நெஞ்சில் பதித்து நானும் கீழே பார்த்தேன். முதல்முறையாக. பொன் நிறத்தில் பொடி இறக்கை, அதில் மூன்று வெள்ளிக் கோடு. தலையில் ஆரஞ்சு நிறத்தில் சிலுப்பிக்கொண்ட முடி, தூங்கி எழுந்த குழந்தைக்கு இருக்குமே, அப்படி. பையின் தையலைப் பிடித்துக்கொண்டு இறக்கையை உலர்த்திக்கொண்டிருந்தது. இது பதினோரு அடி தூரத்தில் ஆறு வருஷமாக இருந்திருக்கிறது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. மணல் ஈ கடித்ததால் என்று சொல்லிக்கொண்டேன்.

மெரியானா எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள்.

"நோலீன், இத நான் பாத்ததே இல்ல. யாரும் பாத்ததில்ல. நீங்கதான் முதல்ல பாத்திருக்கீங்க."

நோலீன் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நோட்டை நீட்டினாள்.

"அத எழுதித் தர்றீங்களா? நீங்க சொன்னதே போதும். சும்மா, ஒரு வரி."

மெரியானா எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டுக் கொடுத்தாள். நோலீன் அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்து உள்ளே எடுத்துப் போனாள். சமையலறை இழுப்பறை திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

மெரியானா பின்பக்கத்து ஆளை மட்டும் எடுத்துக்கொண்டாள். மற்ற இரண்டும் இங்கேயே இருக்கவேண்டும் என்று நோலீன் சொல்லிவிட்டாள். அவற்றைத் தொட்டிக்குப் பின்னால் கொண்டு சேர்க்கவேண்டும். தொட்டால் இறக்கை போய்விடும், ஆகவே சுமக்கிற ஆள் நான்தான். நோலீன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ஓர் அடி, நிற்பது, இன்னோர் அடி. எங்கள் கல்யாணத்தன்றுகூட அவளோடு நான் அத்தனை மெதுவாக நடந்ததில்லை. பாசியில் வயிற்றை ஒட்டிக்கொண்டு கால்மணி நேரம் நின்றேன், அவை இறங்கிப் போகும்வரை.

"உன்ன இன்னும் மன்னிக்கல," என்றாள் நோலீன்.

"தெரியும்."

"ஓவரால அலசாத."

இது நடந்து ஒரு வருஷம் ஆகிறது. மஞ்சள் இயந்திரத்தை மெர்வுக்குக் கொடுத்துவிட்டேன். எங்கள் படிக்கட்டு இப்போது ஊரிலேயே பச்சையான படிக்கட்டு, தபால்காரர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறார். மதுக்கடையில் என்னைப் பார்த்ததும் யாராவது ஒருவன், "டெஸ், திரும்பி நில்லு, ஏதாச்சும் பறக்குதா பாப்போம்" என்பான். மெரியானாவின் கட்டுரை அச்சாகி வந்தது. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் நோலீனின் முழுப் பெயர். கிடைத்த இடம் என்ற இடத்தில் ஊர் பெயர், கடல்மட்டத்திலிருந்து உயரம், அதற்கப்புறம் பொடி எழுத்தில் 'கணவரின் ஓவரால், பின்புறம்'. என் பெயர் எங்கும் இல்லை. அது அநியாயம் என்கிறான் மெர்வ். எனக்கு அது மிகச் சரியாகத்தான் படுகிறது.

பாறையில் இப்போது உள்ளங்கை அகலத்துக்கு ஆறு இடத்தில் பச்சை திரும்பியிருக்கிறது. எண்ணிக்கை எனக்குத் தெரியும், தினமும் போகிறேன். முக்காலி அவளுக்கு. பொடிமீன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் நான். இந்த அக்டோபரில் மூன்று வாரமும் மழை. ஒன்றும் வரவில்லை. இருபத்திரண்டாம் தேதி வெயில் அடித்தது. தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வோர் அங்குலமாகப் பார்த்தேன். கண் வலித்தது. கடைசியில், பெரணி இலையின் அடியில், மூன்று வெள்ளிக் கோடு. நான் வாளியோடு சாய்ந்து விழுந்து, "நோலீன், நோலீன்" என்று கத்தினேன். அவள் நிதானமாகத் திரும்பி, "அட, அப்படியா" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாள் முழுக்க நானே முதலில் பார்த்ததாகப் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

சாயங்காலம் அவள் நோட்டு மேஜையில் திறந்து கிடந்தது. அன்றைய தேதிக்குக் கீழே இரண்டு வரி எழுதியிருந்தாள்.

'பத்து மணி பத்து: ஒன்று, பெரணி இலைக்கு அடியில்.

பத்து மணி முப்பது: டெஸ்ஸும் பார்த்தாச்சு.'